கோட்டு போட்டு எடுத்த கணக்கு

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்று சங்கத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். "நல்ல நினைவா எழுதுங்கம்மா, புதுசா சேர்ந்தவங்க படிக்கணும்" என்றார் செயலாளர். வேலையில் கொடுத்த ஆரஞ்சு கோட்டு போட்டு எடுத்த படம் இருந்தால் அதுவும் வேண்டும் என்றார். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆகும். ஆனால் போன மாதம் குழாயடித் தெருவில் பார்த்ததற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்று கால் வைத்த மிஷினை நிறுத்திக்கொண்டு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் வேலை பார்த்த அதே அலுவலகத்து ஆட்கள். இரண்டு பேர் மேலும் ஆரஞ்சு கோட்டு. வேகத்தடைக்குப் பத்தடி தள்ளி நிற்கிறார்கள்.

"இன்னா தம்பி அளக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வேகம் அளக்கறோம் ஆயா. இந்தத் தடைய எடுத்துடலாம்னு மனு வந்துகீது."

"மிஷின் எவ்ளோ காட்டுது?"

"இருவது, இருவத்திரெண்டு. எல்லாம் மெதுவாதான் போறானுங்க. இன்னாத்துக்கு இங்க ஒரு தடை?"

"தடை இருக்கறதாலதானேடா மெதுவா போறான்! நீ வேற பளபளன்னு கோட்ட மாட்டிக்கினு நிக்கற. எவன் வேகமா வருவான்?"

சிரித்தார்கள். "மிஷின் சொல்றதத்தான் ஆயா நாங்க எழுதணும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோட்டை அந்தத் தெருவில் முதலில் போட்டுக்கொண்டு நின்றவள் நான்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும். எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்று எழுதப் போவதில்லை. மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

என் பெயர் பட்டம்மாள். ரோடு வேலையில் சேர்ந்த முதல் பத்து வருசத்தைப் பத்து வரியில் சொல்லிவிடலாம். ஜல்லி சுமந்தேன். காலில் கோணியைக் கட்டிக்கொண்டு தார் ஊற்றினேன். தலைக்கு எத்தனை சீயக்காய் போட்டாலும் தார் வாசனை போகாது. பிறகு பலகை எழுதும் வேலைக்குப் போட்டார்கள். எழுத்து வெட்டிய தகரத்தைப் பலகை மேல் வைத்து, பஞ்சில் சாயம் தொட்டு ஒற்ற வேண்டும். தகரத்தைத் தலைகீழாக வைத்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் எழுத்து கற்றேன். 'மெதுவாகச் செல்லவும்' என்பதுதான் நான் முதலில் படித்த வாக்கியம். கல்வராயன் மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு 'ஒலி எழுப்பவும்' எழுதி நட்டிருக்கிறேன். மலையில் பலகைக்கு மரியாதை உண்டு. தாண்டினால் பள்ளம் என்று டிரைவர் கண்ணுக்கே தெரிகிறது. ஊருக்குள் அவன் கண்ணுக்குப் பள்ளம் தெரிவதில்லை. குடம் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவனுக்குப் பள்ளமா?

வேலை நிரந்தரமான அன்றைக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், நெஞ்சில் இரண்டு வெள்ளிப் பட்டை. அதற்கு முன்னால் லாரிக்காரன் என்னை "ஏய், தள்ளு" என்பான். கோட்டு போட்ட பிறகு "யம்மா, தியாகதுருகம் ரோடு தொறந்துட்டாங்களாம்மா?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டான். அந்த 'யம்மா'வுக்காக வெயில் காலத்தில்கூட அதைக் கழற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்து, என் புடவைகளுக்கு மேலே தனியாக மடித்து வைப்பேன்.

ஒரு தெருவுக்கு வேகம் எப்படி வைக்கிறார்கள் என்று சின்னவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மனு வர வேண்டும். பொறியாளர் வந்து பார்ப்பார். பிறகு கணக்கு எடுப்போம். ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பில் ஒரு கோடு, டேப் பிடித்து ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு கோடு. முதல் கோட்டில் முன் சக்கரம் பட்டதும் நான் கையை இறக்குவேன். இரண்டாம் கோட்டில் இருப்பவர் ஸ்டாப் வாட்சைப் பார்ப்பார். ஆறு விநாடி ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகம். நாலு விநாடி ஆனால் நாற்பத்தைந்து. மூன்று ஆனால் அறுபது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, கூட இருந்த பணியாளும் கையெழுத்துப் போட்டு, மாதம் ஒரு தடவை கூடும் கமிட்டிக்கு அனுப்புவார்கள். கமிட்டி உத்தரவு போட்டால்தான் பலகை, வேகத்தடை எல்லாம்.

தாளில் பஸ்ஸுக்கு ஒரு கட்டம், லாரிக்கு ஒரு கட்டம், கார், ஆட்டோ, டூவீலர், மாட்டு வண்டிக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. நடந்து போகிறவர்களுக்குக் கட்டம் இல்லை. இத்தனை வருசமாகப் பார்த்த அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பொறியாளர் குணசேகரன் சார். நல்லவர். யாரிடமும் கை நீட்டாதவர். கடைநிலை ஆளைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ரோட்டோரத்தில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையை விரித்து, நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். 'முடியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. அதற்குப் பதிலாகப் பேனாவை மூடுவார். மூடியைத் திருகி, சட்டைப் பையில் செருகி, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். லஞ்சம் தின்கிறவன் மேல் வரும் கோபம் காறித் துப்பினால் போய்விடும். இவர் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எனக்கு அவர் ஒரு பெருமை கொடுத்தார். வாட்ச் இல்லாமலே நான் விநாடி எண்ணுவேன். ஒருநாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்து, வாட்சை அழுத்தினார். நான் ஆறு என்று சொன்னபோது வாட்சிலும் ஆறு. "பட்டம்மா வாய்க்கு சாவி குடுக்கவே வேணாம்பா" என்றார்.

"ஒரு தெருவுக்கு இதுதான் வேகம்னு எப்படி சார் முடிவு பண்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நூறு வண்டி போனா, எண்பத்தஞ்சு வண்டி எந்த வேகத்துக்குள்ள போகுதோ அதை வச்சிப் பாப்போங்க."

"எண்பத்தஞ்சு பேரும் கண்ணு மண்ணு தெரியாம ஓட்னா?"

பேனாவை மூடினார்.

இனிமேல் குழாயடித் தெரு. பஸ் நிலையத்துக்குப் போகிற பெரிய ரோட்டில் சிக்னல் உண்டு. அதில் நிற்கப் பொறுமை இல்லாதவன் எல்லாம் இந்தத் தெருவுக்குள் திரும்பிவிடுவான். ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர். வீடுகள் தெற்குப் பக்கம், குழாய் வடக்குப் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். எட்டு மணி வரை பெண்கள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

மனு கொண்டு வந்தவள் அஞ்சலை. கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரிடமும் கைநாட்டு வாங்கி வந்திருந்தாள். "ஒரு தடை போட்டுக் குடுங்க சார், கொடத்தோட ஓட முடியல" என்றாள். சார் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முறைப்படி கணக்கு எடுக்கலாம் என்றார்.

இரண்டு நாள் எடுத்தோம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு. அலுவலக நேரம் அதுதானே. நான் முதல் கோட்டில் நின்றேன், ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொண்டு. சார் இரண்டாம் கோட்டில் டீக்கடை நிழலில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். வண்டிகள் பூனை மாதிரி வந்தன. ஏழு, எட்டு, ஒன்பது விநாடி. "ரொம்பக் கட்டுப்பாடான தெருவா இருக்குதே" என்றார் சார்.

இரண்டாவது நாள் அஞ்சலை வேலைக்குப் போகாமல் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் என்னிடம் வந்தாள்.

"யக்கா, அந்தக் கோட்டக் கழட்டிட்டு ஓரமா குந்துக்கா. ஒன்ன போலீசுன்னு நெனச்சிக்கினு எல்லாம் பம்மிப் பம்மிப் போறானுங்க."

"இன்னாடி, எனக்கே வேல கத்துக் குடுக்கறியா?"

"அய்ய, கோவிச்சிக்காத. பத்து நிமிசம் கழட்டிப் பாருக்கா, அப்பத் தெரியும் சேதி."

"கழட்டிட்டு? கீரக்காரி மாரி குந்தச் சொல்றியா? போடி அந்தாண்ட."

போனாள். போகும்போது திரும்பி, "நல்லாகீது ஒன் கோட்டு. அதயே ரோட்டுக்குக் குறுக்கால படுக்க வெச்சிட்டுப் போ" என்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிசமே எனக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றவில்லை. ஒரு சித்தாள் சொல்லி நான் கழற்றுவதா என்று நின்றேன். தாளில் 'பட்டம்மாள்' என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன்.

தெருவில் வேகம் இல்லை, தடை தேவையில்லை என்று கமிட்டி எழுதிவிட்டது. அடுத்த மாதமே, தண்ணீர் விட்ட ஒரு காலையில் அஞ்சலையை ஒரு வேன் அடித்தது. இரண்டாவது குடம் தூக்கி வந்துகொண்டிருந்தாள். இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

கேள்விப்பட்டு வேலையிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் கிடந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள்.

"மொதல்ல அதக் கழட்டிட்டு வா" என்றாள்.

வராந்தாவுக்குப் போய்க் கழற்றினேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றேன்.

போலீஸ் விசாரணைக்கு வந்தபோது எங்கள் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதில்தான் தெருவில் வேகமே இல்லையே. 'கவனமில்லாமல் குறுக்கே வந்துவிட்டார்' என்று எழுதினார்கள். வேன்காரன் அடுத்த வாரமே அதே தெருவில் வேன் ஓட்டினான்.

சாரிடம் போனேன். "சார், நம்ம கணக்கு தப்பு. என்னப் பாத்துதான் மெதுவா போனானுங்க. தப்புன்னு எழுதுங்க."

"தாள் மேல போயிடுச்சு பட்டம்மா. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க. மறுகணக்கு எடுக்கணும்னா ஒரு வருசம் ஆகணும்." பேனாவை மூடினார்.

மூன்று தண்ணீர் நாளுக்கு விடுப்புப் போட்டேன். கோட்டு இல்லை. பழைய புடவை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒரு கூடை அரைக்கீரையை முன்னால் வைத்துக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் குந்தினேன். அழிந்தும் அழியாமலும் எங்கள் சுண்ணாம்புக் கோடு இரண்டும் தெரிந்தன. வாயால் எண்ணினேன். ஆறுக்கு மேல் ஆன வண்டிக்கு ஒரு புளியங்கொட்டை சின்ன டப்பாவில். ஆறுக்குள் வந்தால் பெரிய டப்பாவில். என்னைக் கோட்டோடு பார்த்தபோது தவழ்ந்த அதே ஷேர் ஆட்டோக்காரன், கீரைக்காரியாகப் பார்த்தபோது என் கூடையை உரசிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் பெரிய டப்பா மூட முடியாமல் நிரம்பிவிட்டது. சின்ன டப்பாவில் அடி தெரிந்தது.

டப்பா இரண்டையும் சார் மேசை மேல் வைத்தேன். அவர் கை பேனா மூடிக்குப் போனது.

"மூடாதீங்க சார்" என்றேன். அப்படி அவரிடம் பேசியதே இல்லை. "நாளைக்குத் தண்ணி வர்ற நாளு. ஆறு மணிக்கு வாங்க. வேட்டியில வாங்க, பைலு வேணாம். ஒரு கொடம் தண்ணிய அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் கொண்டாங்க. அப்புறம் மூடிக்கோங்க."

வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன், வந்தார். அஞ்சலையின் மாமியார் கிழவிதான் குடத்தைப் பிடித்து அவருக்குத் தூக்கிவிட்டது. "இடுப்புல வையி சார். தோள்ல வெச்சா கண்ணாடி நனைஞ்சிடும், அப்புறம் தொடைக்கறதுக்கு நடுரோட்லயா நிப்ப?" என்றது.

பாதி ரோடு தாண்டியிருப்பார். கரும்பு டிராக்டர், பின்னால் இரண்டு காலி டிரெய்லர். முதல் கோட்டில் சக்கரம் பட்டதும் என் வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. சார் குடத்தைப் போட்டுவிட்டுக் குழாய்ப் பக்கமே திரும்பி ஓடினார். பிளாஸ்டிக் குடம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. "யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்திவிட்டு டிராக்டர்காரன் நிற்காமல் போனான்.

வேட்டியெல்லாம் தண்ணீர். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"எத்தனை?"

"நாலு சார்."

அடுத்த கமிட்டியில் தடைக்கும் முப்பது கிலோமீட்டர் பலகைக்கும் உத்தரவு வந்துவிட்டது. இங்கே முடித்தால் நல்ல நினைவாகிவிடும். முடிக்க மாட்டேன். கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால், சார் தான் எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'இத்தெருவில் போக்குவரத்து அதிகரித்துள்ளதால்' என்று இருந்தது.

"போக்குவரத்து எங்க சார் அதிகமாச்சு? மொதல் கணக்கு தப்புன்னு எழுதுங்க. அஞ்சலை பேர்ல பழி கெடக்குது."

"அப்படி எழுதினா ரெண்டு பேருக்கும் மெமோ வரும் பட்டம்மா. நீங்க ரிட்டயர் ஆக ஆறு மாசம்தான் இருக்குது."

"என்னைக் காட்டி நீங்க ஒளியாதீங்க சார்."

அவருக்கு முகம் சிவந்தது. "விசாரணை அது இதுன்னு போனா தடை வர ரெண்டு வருசம் ஆகும். இப்படி எழுதினா இந்த மாசமே வரும். எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். உத்தரவு வந்த வாரமே தடை போட்டோம். வெள்ளைக் கோடு அடித்தவள் நான். பலகையில் முப்பது எழுதியவள் நான். அதற்குப் பிறகு ஒரு குடமும் அங்கே உடையவில்லை. ஆனால் அஞ்சலை கோல் ஊன்றிக்கொண்டு தடையைத் தாண்டும்போதெல்லாம் தெருவில் யாராவது சொல்வார்கள், கண்ணு தெரியாம போய் வுயுந்தாளே அவதான் என்று. சித்தாள் வேலை போயிற்று. வாசலில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் பேசுவாள். கால் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

இப்போது புறவழிச் சாலை வந்துவிட்டது. குழாயடித் தெருவில் வண்டி குறைந்துவிட்டது, ஆனால் வருகிறவன் அதே மாதிரிதான் வருவான். அந்த இரண்டு பேரையும் பார்த்த மறுநாள் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பொறியாளரிடம் கேட்டேன். பைலைப் பிரித்துக் காட்டினார். "போக்குவரத்து அதிகமானதாலதான் தடை போட்டாங்கன்னு இருக்குதும்மா. இப்ப கம்மியாயிடுச்சே. வேகம்னு இதுல எங்கயும் இல்லையே?" என்றார். அவர் சொன்னது உண்மை. பைலில் இல்லை. இருக்க விடாமல் கையெழுத்துப் போட்டவர்களில் நான் ஒருத்தி.

மறுநாள் காலை அஞ்சலையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது தாளையும் சேர்த்து. அவளுக்கு அது இத்தனை வருசம் தெரியாது. கட்டின பூவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"எயுதித் தர்றியா?" என்றாள்.

"எயுதித் தர்றேன்."

"பேரு போட்டு எயுது. ஒம் பேரும் போடு, எம் பேரும் போடு."

எழுதிவிட்டேன். குழாயடித் தெருவில் முதலில் எடுத்த கணக்கு தப்பு. ஆரஞ்சு கோட்டு போட்டு, தண்ணீர் வராத நேரத்தில் நின்று எடுத்தது. அந்தத் தெருவில் வண்டிகள் நாலு விநாடியில் வந்தன. தடை போட்ட காரணம் வேகம். அஞ்சலை பார்த்துத்தான் குறுக்கே வந்தாள், வேன் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. கணக்குத் தாளில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. மெமோ கொடுப்பதானால் வீட்டுக்கு அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மலர் அச்சானதும் எனக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்றை அந்தப் பைலில் வைக்கச் சொல்லிப் புதுப் பொறியாளர் மேசையில் நானே வைப்பேன். ஒன்று எனக்கு. இன்னொன்று அஞ்சலைக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, தெருப் பெண்கள் குழாயடியில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போய் நான் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கோட்டு போட்ட படம் கேட்டிருந்தீர்கள். அனுப்பவில்லை.